காந்தம் ஒட்டாத விளக்கு

பிப்ரவரி 18, புதன்

காலையில் பனி. பீங்கான் கம்பெனி வாசலில் அடுக்கியிருந்த பொம்மைப் பெட்டிகளெல்லாம் நனைந்து கிடந்தன. கொஞ்ச நேரத்தில் சுள்ளென்று வெயில். இந்த ஊரில் பனி, இல்லாவிட்டால் வெயில், இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

பித்தளைத் துண்டு மூட்டை புதிதாக வந்திருக்கிறது. பீங்கான் பியூஸ் கட்டைக்குள் மாட்டுவதற்கு. பாதிக்கு மேல் இரும்பு, மேலே பித்தளை முலாம். கயிற்றில் கட்டிய காந்தத்தை மூட்டைக்குள் விட்டால் கொத்தாக ஏறி வருகிறது. ஒட்டினால் தள்ளு. ஒட்டாவிட்டால் மாட்டு. பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து எனக்கு இதே வேலை. வாயைத் திறக்க வேண்டியதில்லை, அதனால் பிடித்திருக்கிறது. பக்கத்தில் உட்காரும் செல்வி அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா போனை வைத்துக்கொண்டு விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். பெண்ணாடத்திலிருந்து போன். அக்காவைக் கட்டப்போகிறவருக்கு அம்மா இல்லை, அத்தைதான் எல்லாம். அந்த அத்தை சொன்னதை அம்மா அப்படியே சொல்லிக் காட்டினாள். "நக நட்டு உங்க இஷ்டம் சம்பந்தி. வெளக்கு மட்டும் நல்ல பித்தளையா இருக்கட்டும். பெரியவ கொண்டாந்தது ஒரே வருஷத்துல தோலு உரிஞ்சி போச்சி."

பெரியவள் என்றால் மாப்பிள்ளையுடைய அண்ணன் பொண்டாட்டி. அந்த வீட்டில் அவருக்குப் பெயரே "தகரம்"தான். நிச்சயத்தன்று அக்கா காதாலேயே கேட்டது. "தகரம், தண்ணி எடுத்தா." அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இன்று சிரிக்கவில்லை.

"எனக்கு என்னா பேரு வப்பாங்களோ" என்றாள்.

"யாரும் வக்க மாட்டாங்க. நம்ம வூட்டுலதான் காந்தக்காரி இருக்காளே" என்றாள் அம்மா. என்னைத்தான்.

இந்த வீட்டில் என்னிடம் ஒரு விஷயம் கேட்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் சந்தோஷம்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோக்கள். பித்தளையா, முலாமா, கண்டுபிடிப்பது எப்படி.

ஒருவர்: காந்தம். (தெரியும்.)
இன்னொருவர்: தட்டிப் பார். மணி மாதிரி நீளமாகக் கேட்டால் பித்தளை. (கடையில் எல்லாவற்றையும் யார் தட்ட விடுவார்கள்?)
ஒரு அம்மா: புளி போட்டுத் தேய்த்துப் பார். (வாங்கிய பிறகா?)
ஒருவர்: கனம். (எதைவிடக் கனம்?)
கடைசி ஆள்: அடியில் சுரண்டிப் பார். பிறகு அவர் கடை விலாசம்.

செல்வி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி ஊமச்சி, அக்காவுக்கு வெளக்கு வாங்கறியா, மாப்பிள்ள வாங்கறியா? மாப்பிள்ளய எவளாவது இப்படித் தட்டிப் பாத்தாளா?" எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பதில் தயாராக இருந்தது. வரவில்லை. இப்போது எழுதலாம் என்றால் மறந்துவிட்டது.

காந்தத்தைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு எடுத்துப்போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டியிருந்தது. செல்வி அக்காதான் கேட்டுத் தந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி



அரை நாள் லீவு. கடைவீதியில் பாய் பாத்திரக் கடை. அம்மா, அக்கா, நான். நோன்பு ஆரம்பித்திருக்கிறது, பாய் உதடெல்லாம் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். என் மார் உயரத்துக்கு ஒரு குத்துவிளக்கு எடுத்து வைத்தார். இரண்டு கையாலும் தூக்கித்தான் வைத்தார். தராசில் ஏற்றினார். எடைக்குத்தான் விலை என்றார். அக்காவுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. தண்டில் வரிவரியாகக் கடைசல்.

அம்மா என்னை முழங்கையால் இடித்தாள். காந்தத்தைத் தண்டில் வைத்தேன். இழுத்தது.

கம்பெனியில் இரும்புத் துண்டு ஏறும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். இங்கே அந்தச் சத்தம் இல்லை. லேசாக, உள்ளே யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. இருந்தாலும் இழுத்தது. அம்மா புடவையைப் பிடித்து, "இரும்பு" என்றேன். காதோடுதான் சொன்னேன்.

அம்மா அதைக் கடைவீதிக்கே சொன்னாள். "என்னா பாய், நோம்பு வச்சிக்கினு இரும்ப விக்கிறீங்களா?"

பாய் எழுந்துவிட்டார். "யம்மா, பாத்துப் பேசுங்க. உள்ள ஒரு கம்பி இருக்குது. மேல இருந்து அடி வரைக்கும் அதுதான் எல்லாத்தயும் புடிச்சிக்கினு நிக்குது. கழட்டிக் காமிக்கறேன், ஒரு நிமிஷம் நில்லுங்க."

மேல்பகுதியைத் திருக ஆரம்பித்தார். அது இறுகிப்போயிருந்தது. அம்மா நிற்கவில்லை. "கம்பியாம் கம்பி. வாங்கடி." வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். திருகிக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 21, சனி

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "எங்க சின்னவ காந்தத்த வச்சா, பாய்க்கு மூஞ்சி செத்துப் போச்சி." அம்மா இதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் பாய் முகம் இன்னும் கொஞ்சம் சாகிறது. நான் பார்த்த முகம் அது இல்லை. அவருக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 25, புதன்

மாசி மகத்துக்கு ஆற்றுப்பக்கம் கடை போட்டுவிட்டார்கள். வளையல், ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, புழுதி. வேலை விட்டதும் அம்மாவோடு போனேன்.

ஒரு கடையில் எல்லாம் விளக்கு. பல்பு வெளிச்சத்தில் கண் கூசியது. பாய் கடை விளக்கு இதற்கு முன்னால் மங்கல். தண்டில் கடைசல், உச்சியில் அன்னம், அதே உயரம். தராசே இல்லை, பீஸுக்கு ஒரு விலை. பாய் சொன்னதைவிட ரொம்பக் குறைவு.

"காந்தம் வச்சி பாக்கலாமா?" என்று அம்மா சண்டைக்குத் தயாராகக் கேட்டாள்.

"தாராளமா வைங்கம்மா! ஒன்னு பத்தலன்னா நான் ஒன்னு தரேன்!" கடைக்காரர் உற்சாகமாக வழி விட்டார்.

தண்டில் வைத்தேன். இழுக்கவில்லை. தட்டில், அடியில், அன்னத்தின் கழுத்தில், எங்கேயும் இல்லை. கம்பெனியில் ஒரு மூட்டைகூட இவ்வளவு சுத்தமாக வந்தது கிடையாது.

"பித்தளைதான்" என்றேன். இந்தத் தடவை காதோடு இல்லை. கடைக்காரருக்கே கேட்கும்படி.

பேரம். வாங்கியாகிவிட்டது. பெயர் வெட்டித் தருவீர்களா என்று அம்மா கேட்டாள். "மெஷினு இல்லம்மா, ஊருக்குள்ள எங்கயாவது வெட்டிக்குங்க." விளக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து வீடு வரைக்கும் நானே தூக்கி வந்தேன். ஒரு இடத்திலும் இறக்கி வைக்கவில்லை.

அம்மா உடனே பெண்ணாடத்துக்குப் போன். ஸ்பீக்கரில். "எங்க சின்னவ காந்தம் வச்சில்ல பாத்தா! துளி ஒட்டலயே!" அந்தப் பக்கம் அத்தை சிரித்தார். "அப்ப நாங்க சீர் பாக்க வரும்போது ஒரு காந்தத்தோடதான் வரணும்." அம்மாவும் சிரித்தாள். "வாங்க, பத்து காந்தத்தோட வாங்க."

அக்கா விளக்கைத் துடைத்து மூலையில் வைத்து, போட்டோ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். எனக்குத் தன் புதுக் கிளிப் ஒன்றைத் தந்தாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாவிட்டாலும் தூக்கம் வரப்போவதில்லை.

சீர்ப் பாத்திரத்தில் பெயர் இல்லாவிட்டால் கல்யாணக் கூட்டத்தில் எது யாருடையது என்றே தெரியாது. வெட்டியாக வேண்டும். வெளியில் வாங்கிய பாத்திரத்துக்கும் பெயர் வெட்டித் தருகிற மிஷின் பாய் கடையில்தான் இருக்கிறது. அம்மா போக மாட்டாளாம். "நீ போ. நீ ஒன்னும் பேசலயே அன்னிக்கி."

சாயங்காலம் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றி, மாட்டி, கழற்றி. பாய் என்னைப் பார்த்தார். துண்டுச் சீட்டை நீட்டினேன். அக்கா பெயர் சுகந்தி, கீழே கல்யாண நாள்.

விளக்கை ஒரு கையால் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"எங்க வாங்கினது?"

துண்டுச் சீட்டையே மறுபடி காட்டினேன்.

"ரொம்ப லேசா இருக்குதும்மா. பேரு வெட்டிட்டா அப்பறம் எவனும் திரும்ப எடுக்க மாட்டான். வெட்டட்டுமா?"

ஏன் அப்படிக் கேட்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் இருங்கள், அம்மாவைக் கேட்டு வருகிறேன் என்றாவது. அவர் கடையில், அவர் முகத்துக்கு நேரே, எப்படிக் கேட்பது? தலையாட்டினேன்.

மிஷின் கொசு மாதிரி ரீங்கரித்தது. "சு" வெட்டினார். நிறுத்தினார். ஊதினார்.

வெள்ளை. மஞ்சள் விளக்கில் "சு" மட்டும் வெள்ளை. டிபன் பாக்ஸ் வெள்ளை.

"அலுமினியம்" என்றார் பாய். "மேல பூச்சு."

பிறகு உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து வந்தார். அன்றைக்குப் பார்த்த விளக்கு. துண்டு துண்டாக. கழற்றியதை அவர் இன்னும் மாட்டவில்லை. நீளமாக ஒரு இரும்புக் கம்பியை எடுத்து என் முன்னால் வைத்தார். "காந்தம் இருக்குதா? வையி."

வைத்தேன். டக்.

"இப்ப தண்டுல வையி."

ஒட்டவில்லை.

இரும்புதான் ஒட்டும். கம்பெனியில் வருவது இரண்டே இரண்டு, பித்தளை, இல்லாவிட்டால் இரும்பு. அலுமினியம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. தினமும் அதில்தான் சோறு கட்டிக்கொண்டு போகிறேன்.

இடுப்பு வலிக்காமல் தூக்கி வந்தேனே. அப்போதாவது தெரிந்திருக்க வேண்டும். பெருமையில் லேசாக இருக்கிறது என்று நினைத்தேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாய் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, ஒரு டம்ளர் நோன்புக் கஞ்சியை என் பக்கம் தள்ளினார். கோபமாகத்தான் தள்ளினார். குடித்தேன். வெட்டுக்கூலி வேண்டாம் என்றார்.

பிப்ரவரி 28, சனி

நேற்று இரவு சொல்லவில்லை. காலையில் அக்காவே பார்த்துவிட்டாள். "சு"வைத் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லவேள, என் பேரு முழுசா வெட்டல" என்றாள்.

அம்மா திட்டினாள். காந்தம், கம்பெனி, ஸ்கூலை விட்டது, பேசாதது, எல்லாம் ஒரே மூச்சில். "வாயில என்னா கொழுக்கட்டையா? அந்தாளு கேட்டான்ல, வெட்டட்டுமான்னு!" கேட்டார்தான். நான் வாயைத் திறந்து சத்தமாகச் சொன்ன ஒரே வார்த்தை அந்தப் "பித்தளைதான்" ஆகவா இருக்க வேண்டும்?

சாயங்காலம் ஆற்றங்கரைக் கடை. அம்மா கத்தினாள். கடைக்காரர் "சு"வைக் காட்டிச் சிரித்தார். "பேரு வெட்டின பொருள எந்தக் கடையிலம்மா எடுப்பாங்க? காந்தம் வச்சி பாத்துதான எடுத்துக்கினு போனீங்க? நான் பித்தளன்னு சொன்னனா? உங்க பொண்ணுதான் சொல்லிச்சி."

உண்மை. அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அம்மா பஜ்ஜிக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். நான் விளக்கோடு அங்கேயே நின்றேன். தைரியம் எல்லாம் ஒன்றும் இல்லை. போகக் கால் வரவில்லை, அவ்வளவுதான். "சு" வெளிப்பக்கம் இருந்தது.

அதே மாதிரி விளக்கைக் கையில் எடுத்த ஒரு அம்மா என்னைப் பார்த்தார். "என்னா பாப்பா, வெள்ளையா இருக்குது?" அவர் விரலால் எழுத்தைத் தொட்டார். கையிலிருந்ததை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"தோ பாரு, ஓரமா நில்லு" என்றார் கடைக்காரர்.

நகரவில்லை. அப்புறம் ஒரு புருஷன் பொண்டாட்டி. அவர்களும் தொட்டார்கள், போனார்கள். அப்போதுதான் புரிந்தது. விளக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். வெளிச்சம் நன்றாக விழும்படி. கை வலிக்கவே இல்லை, அலுமினியம்தானே.

"ஏம்மா, வியாபாரத்த கெடுக்காத! உங்கம்மாவ கூப்புடு!"

கொடுத்ததில் முக்கால்வாசிக்கு மேல் திரும்பி வந்தது. அதுவே பெரிது என்கிறாள் அம்மா. எனக்கு ஆறவில்லை. அந்த ஆள் விளக்கை வாங்கி, "சு"வைப் பின்னால் தொங்கிய துணிப்பக்கம் திருப்பி, பின்வரிசையில் மறுபடி அடுக்கினார். பார்த்துக்கொண்டே வந்தேன். நாளைக்கு ஏதோ ஒரு சுமதி வீட்டுக்குப் போகும்.

மார்ச் 1, ஞாயிறு

அம்மாவின் கல்யாணப் பித்தளைக் குடம், விரிசல் விட்டது, பரணிலிருந்து இறங்கியது. அதைப் போட்டு மீதிக்குப் பணம் கொடுத்துப் பாயிடமே விளக்கு வாங்குவது என்று முடிவு.

பாய்: "காந்தம் கொண்டாந்தீங்களாம்மா?"

அம்மா தரையைப் பார்த்தாள். "நோம்பு நேரத்துல சத்தம் போட்டுட்டேன் பாய்."

"சத்தம் போட்டது பரவால்ல. கழட்டிக் காமிக்கறேன்னு சொல்லும்போதே போயிட்டீங்க பாருங்க. அதான்."

குடத்தைக் கவிழ்த்து அடியில் அரத்தால் ஒரு இழுப்பு. மஞ்சள். மறுபடி மாட்டி வைத்திருந்த அதே விளக்கின் அடியிலும் ஒரு இழுப்பு, அம்மா கேட்காமலே. அதுவும் மஞ்சள். இரண்டையும் எடை போட்டார். "சுகந்தி" என்று முழுசாக வெட்டினார். மஞ்சள் தூள் பறந்தது. கொஞ்சம் என் விரலில் ஒட்டியிருந்தது, வீடு வரைக்கும் கழுவவில்லை.

தூக்கி வந்தது அம்மாவும் நானும் சேர்ந்து. நாலு இடத்தில் இறக்கி வைத்தோம்.

வழியில்தான் ஞாபகம் வந்தது. பெண்ணாடத்து அத்தை காந்தத்தோடு வருகிறேன் என்றாரே. இந்த விளக்கு இழுக்குமே.

அம்மாவிடம் சொன்னேன். "முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிடு, உள்ள கம்பி இருக்குதுன்னு."

"ஒட்டலன்னு நான் பெருமையா சொல்லியிருக்கேன். இப்ப போயி ஒட்டும்னு சொன்னா இல்லாத சந்தேகமெல்லாம் வரும். அது சும்மா சிரிப்புக்குச் சொன்னதுடி."

எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். சீர் பார்க்க வந்தார்கள். வேனில். அத்தை, இன்னும் சில பெண்கள். பழப்பையைத் தூக்கிக்கொண்டு கடைசியாக இறங்கியவர்தான் பெரிய மருமகள். ஒல்லி. என்னை மாதிரி சுவரோரமாகவே நடந்தார்.

காபி. வெயிலைப் பற்றிப் பேச்சு. கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காதது பற்றி. பிறகு அத்தை மணிபர்ஸைத் திறந்தார். காந்தம். சிரிப்புக்குச் சொன்னது இல்லை.

தண்டில் வைத்தார். இழுத்தது. கையை எடுத்து இன்னொரு தடவை வைத்தார்.

"என்னா சம்பந்தி இது?"

அம்மா என்னைப் பார்த்தாள். உள் அறை வாசலில் அக்கா. அவள் கண்ணைப் பார்த்தேன். பெரிய மருமகளும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்ல வேண்டியது எல்லாம் தெரியும். வரவில்லை. அதனால் போய் உட்கார்ந்தேன். இரண்டு காலுக்கு நடுவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அன்னத்தைத் திருகினேன். இறுக்கம். முந்தானையைச் சுற்றித் திருகினேன். வந்தது. அன்னம், தட்டு, தண்டு, அடி. ஒவ்வொன்றாகக் கோரைப்பாயில் வைத்தேன். கையில் கம்பி மட்டும் நின்றது.

அத்தையிடம் நீட்டினேன். டக்.

மற்ற எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"கம்பி மட்டும்தான் இரும்பு" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "பித்தளையில காந்தம் ஒட்டாது. ஒட்டலன்னா பித்தளைன்னும் சொல்ல முடியாது, அலுமினியத்துலயும்தான் ஒட்டாது. அடியில அரம் போட்டுப் பாக்கணும். பாருங்க, மஞ்சளா இருக்குது."

அத்தை அடியைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பொண்ணு பேசுமா?" என்றார் அம்மாவிடம். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாதான் அதிகமாகச் சிரித்தாள். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அத்தை காந்தத்தைப் பர்ஸில் போட்டார். "சரி, மாட்டு."

மாட்டினேன். ஒரு வளையம் மிச்சம். எங்கே போகும் என்று தெரியவில்லை. மறுபடி கழற்றி மாட்டினேன். அப்போதும் மிச்சம். விளக்கு நிற்கிறது, தொட்டால் லேசாக ஆடுகிறது. வளையம் என் உள்ளங்கையில். நாளைக்குப் பாயிடம் போய்க் கேட்க வேண்டும்.

டம்ளர் எடுக்க அடுப்படிக்கு வந்த பெரிய மருமகள் மெதுவாகக் கேட்டார். "அடியில அரம் போட்டா போதுமா? எங்கம்மாவும் ஆசையாதான் வாங்கினாங்க. யாரும் அவங்களுக்கு இத சொல்லல."

நானாகவே கேட்டேன், "உங்க பேரு என்னாக்கா?"

கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. "கற்பகம்."

வேன் கிளம்பும் நேரம். வாசலில் எல்லோரும். முன் சீட்டிலிருந்து அத்தை திரும்பாமலேயே கூப்பிடுகிறார், "ஏ தகரம், பைய வுட்டுட்டு ஏறாத."

கற்பகம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள்.